கூழ் ஆறிய பின் தயிரைக் கலக்குங்கள்

மார்கழிப் பனி தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் இறங்கத் தொடங்கியதும், தயிர் குளிர்ச்சி, சளியைக் கூட்டும் என்று சொல்லிப் பல வீடுகளில் அதை அறவே ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால், தயிர் போன்றவற்றில் இருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 23 பரிசோதனைகளை ஒருசேர ஆராய்ந்து, லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் போன்றவற்றைத் தொடர்ந்து உட்கொண்டவர்களுக்குச் சளி, தொண்டைத் தொற்று வருவது ஓரளவு குறையக்கூடும் என்றும், வந்தாலும் ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகவே தணியக்கூடும் என்றும் கூறுகிறது. அங்கே சோதிக்கப்பட்டவை குறிப்பிட்ட வகைகள் என்பதால், வீட்டுத் தயிரிலும் அதே பலனை அப்படியே எதிர்பார்க்க இயலாது. இருப்பினும் அன்றாடம் சாப்பிட ஏற்ற உணவுதான் அது.

நாம் செய்யும் தவறு வேறிடத்தில் இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கி ஆவி பறக்கும் ராகிக் கூழில் தயிரை ஊற்றிக் கரைத்தால், அதிலுள்ள பாக்டீரியாக்கள் பெரும்பாலும் சூட்டிலேயே மடிந்துவிடும். விரலை விட்டால் சுடாத பதத்துக்குக் கூழ் ஆறிய பிறகே தயிரைச் சேர்க்க வேண்டும். மோர்க்குழம்பு சுவைக்கு மட்டுமே. அதில் உயிருள்ள பாக்டீரியாவைத் தேடுவது வீண்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும், உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், குறைமாதக் குழந்தைகளின் பெற்றோரும் மருத்துவரைக் கேட்காமல் புரோபயாடிக் (நன்மை செய்யும் பாக்டீரியா) மாத்திரையோ பொடியோ கொடுக்கவும் உட்கொள்ளவும் கூடாது. ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்கள், அதற்கும் புரோபயாடிக்குக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.