மூளைக்கட்டித் தொண்டு நிறுவனங்கள்: பணம் கொடுப்பவர்களும் உதவி தேடுபவர்களும் செய்யும் தவறுகள்

பிரிட்டனில் மூளைக்கட்டிக்கான தொண்டு நிறுவனங்கள் பல இருப்பதால், எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று எண்ணிப் பணம் அனுப்பிவிடுவதே பலரும் செய்யும் முதல் தவறு. ‘பிரெயின் டியூமர் ரிசர்ச்’ பல்கலைக்கழக ஆய்வு மையங்களுக்கு நிதி தருவதிலும், அரசு கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்துவதிலும் முனைப்பாக இருக்கிறது. ‘பிரெயின்ஸ்ட்ரஸ்ட்’ நோயாளிக்கும் வீட்டாருக்கும் துணை நிற்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டது. ‘தி பிரெயின் டியூமர் சாரிட்டி’ இரண்டையும் செய்கிறது. உங்கள் பணம் ஆய்வுக்கு மட்டுமே போக வேண்டும் என்றால், அனுப்பும்போதே அதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அடுத்தது கிஃப்ட் எய்ட், அதாவது நன்கொடைப் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால், நீங்கள் கட்டிய வரியில் ஒரு பங்கை நிறுவனம் அரசிடமிருந்து பெறும் திட்டம். நீங்கள் 10 பவுண்டு கொடுத்தால் நிறுவனத்துக்கு 12.50 கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த 2.50 நீங்கள் கட்டிய வரியிலிருந்து வருவது. வரியே கட்டாத ஓய்வூதியர் ஒருவர் அந்தக் கட்டத்தில் டிக் போட்டால், வரித்துறை அந்தத் தொகையை அவரிடமே கேட்கக்கூடும். இறுதிச்சடங்கில் மலர்வளையத்துக்குப் பதிலாக உறவினர்கள் கொடுத்த 600 பவுண்டை மகன் தன் பெயரில் அனுப்பி, அதே கட்டத்தில் டிக் போடுவதும் நம்மவர்களிடையே நடப்பதுதான். நல்லெண்ணத்தில் செய்தாலும் அது தவறு, ஏனெனில் அது அவருடைய பணமன்று. கொடுத்தவர்கள் தனித்தனியே, வீட்டு முகவரியுடன், படிவம் நிரப்ப வேண்டும்.

ஓராண்டு கொடுத்துவிட்டு, மருந்து எதுவும் வரவில்லையே என்று நிறுத்திவிடுவோரும் உண்டு. கிளியோபிளாஸ்டோமா என்னும் வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கு, 2005இல் வெளியான ஆய்வுக்குப் பின் வழக்கத்துக்கு வந்த, கதிர்வீச்சுடன் டெமோசோலமைடு மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கும் முறையே அறுவைக்குப் பின் இன்றும் அடிப்படைச் சிகிச்சையாக இருக்கிறது. இரத்தத்திலுள்ள பல மருந்துகளை மூளைக்குள் நுழைய விடாத இயற்கைத் தடுப்பு புதிய மருந்துக்கான ஆய்வை மெதுவாக்கும் காரணங்களுள் ஒன்று.

குடும்பங்கள் செய்யும் தவறு வேறு. ‘புற்றுநோய் இல்லை’ என்று மருத்துவர் சொன்னதும், இந்த நிறுவனங்கள் தங்களுக்கானவை அல்ல என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா போன்ற கட்டிகள் பெரும்பாலும் புற்றல்ல; ஆயினும் அவை நினைவாற்றலையும் பேச்சையும் குணத்தையும்கூட மாற்றக்கூடும் என்பதால், அத்தகையோருக்கும் உதவி உண்டு. மூளைக்கட்டி இருந்தால், வாகனம் ஓட்டுபவர் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவுக்குப் பொதுவாகத் தெரிவிக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தெரிவிக்காவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். இவற்றைக் கேட்டறிய நோயாளியேதான் பேச வேண்டும் என்பதில்லை. இரவும் பகலும் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகனோ அழைத்தாலும் இந்த நிறுவனங்களின் உதவி எண்ணில் பதில் சொல்வார்கள்.