டெக்கில் தண்ணீர் ஒழுகுதா? முதலில் அந்த சிலிகான் டியூபைக் கீழே வையுங்கள்

கேபினுக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் பாய்மரப் படகுக்காரர்கள் பலரும் உடனே செய்வது, ஒரு சிலிகான் டியூபை வாங்கிவந்து மேலே டெக்கில் (படகின் மேல்தளம்) இருக்கிற கிளீட்டையோ (கயிறு கட்டுகிற கொம்பு), ஸ்டான்ஷனின் (ஓரத்துக் கம்பிவேலியைத் தாங்குகிற கம்பம்) அடியையோ சுற்றி விளிம்பில் ஒரு கோடு இழுத்துவிடுவது. இரண்டு மழைக்குத் தாங்கும். அப்புறம் பழைய கதைதான். அந்தச் சாமான் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் அசையும், விளிம்பில் பூசியது ஒரு பக்கம் பிரிந்துகொள்ளும், அது வழியே உள்ளே போன தண்ணீர் வெளியே வரமுடியாமல் அடியிலேயே தங்கிவிடும். போதாததற்கு, சிலிகான் பட்ட இடத்தில் அப்புறம் எதுவுமே சரியாக ஒட்டாது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் உண்டு.

சொட்டுவது தெரிகிற வரைக்கும் பரவாயில்லை, சொட்டாமல் டெக்குக்குள்ளேயே போகிற தண்ணீர்தான் ஆபத்து. பழைய ஃபைபர்கிளாஸ் படகுகள் பலவற்றில் டெக் என்பது மேலும் கீழும் மெல்லிய ஃபைபர்கிளாஸ் தோல், நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ. 1977-ல் வந்து உலகம் முழுக்கப் பந்தயங்களில் ஓடுகிற ஜே-24 பாய்மரப் படகு கூட பால்சா வைத்துக் கட்டியதுதான். டெக்குக்கு வைக்கிற பால்சாவைச் சின்னச் சின்னக் கட்டைகளாக வெட்டி அடுக்கியிருப்பார்கள், அந்த இடுக்குகள் வழியே தண்ணீர் மெதுவாக நகர்ந்து போகும். மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைவிட மோசம், மரம் சீக்கிரம் உளுத்துவிடும். ஆகவே கடலுக்கே போகாமல் கரையோரம் கட்டிக்கிடக்கிற படகின் டெக்கும், டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஆகலாம். ஒரு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் போல்ட்டைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும், ஊறின இடம் ‘தொப்’ என்று அமுங்கும்.

அடுத்த தவறு, சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே இருப்பதைக் கழற்றுவது. உள்கூரைக்குப் பின்னால் தண்ணீர் எங்கெங்கோ ஓடி, பள்ளமான இடத்தில்தான் விழும். முன்பக்கத்து ஸ்டான்ஷனில் நுழைந்தது படுக்கைமேல் சொட்டலாம். நம்பகமான வழி ஒன்று: ஹேட்ச் (டெக்கில் இருக்கிற திறப்பு), காற்றுத்துளை எல்லாவற்றையும் டேப் போட்டு மூடி, வாசலில் ஓட்டை போட்ட அட்டையைப் பொருத்தி, அது வழியே இலை ஊதுகிற புளோயரால் கேபினுக்குள் காற்றை ஏற்றுங்கள். மேலே சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி எங்கே வருகிறதோ, ஓட்டை அங்கே.

ஒருபோதும் கீழிருந்து அடைக்காதீர்கள். சொட்டுவது நிற்கும், தண்ணீர் நிற்காது. எல்லாம் மரத்துக்குள் போகும்.

இடுக்கை அடைக்கப் பூசுகிற சீலண்ட் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு த்ரீஎம் 5200 வாங்குபவர்கள் நிறைய. அது சீலண்ட் என்பதைவிடப் பசை என்றே சொல்லலாம். பத்து வருடம் கழித்து அந்தக் கிளீட்டைக் கழற்ற வேண்டி வந்தால் டெக்கின் மேல்பூச்சான ஜெல்கோட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். பாலிசல்ஃபைடு சீலண்ட் உலோகச் சாமான்களுக்கு நல்லது, ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் ஜன்னல்களை அரித்துக் கெடுக்கும். சாதாரண டெக் சாமான்களுக்கு நான் கைவைப்பது பியூட்டைல் டேப், அதாவது ரப்பர் போன்ற ஒட்டும் பட்டை. கடைசிவரை இறுகிக் காயாது, இழுத்தால் நீளும், வேண்டும்போது கழற்றலாம். டீசல் ஊற்றுகிற மூடியருகே மட்டும் வேண்டாம், கரைந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழேயும் வேண்டாம்.

எதைப் பூசினாலும், துளையின் சுவரில் வெறும் மரம் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். சாமானைக் கழற்றி, 6 மிமீ போல்ட் என்றால் துளையை 12 மிமீ அளவுக்குப் பெரிதாக்குங்கள், அல்லது ஆணியை வளைத்து டிரில்லில் மாட்டி நடுவிலிருக்கும் மரத்தை மட்டும் குடைந்தெடுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். இங்கேதான் அவசரப்படுவார்கள், ஈர மரத்தில் எபாக்ஸி (கலந்து ஊற்றினால் கல்லாக இறுகுகிற பிசின்) பிடிக்காது. கீழே டேப் ஒட்டி, முதலில் வெறும் எபாக்ஸியை விட்டு மரம் குடிக்கவிட்டு, பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கியதை நிரப்புங்கள். இறுகியதும் நடுவில் 6 மிமீ துளை. மேல்வாயைக் கவுண்டர்சிங்க் பிட்டால் லேசாகக் குழித்துவிட்டால் பியூட்டைல் அந்தக் குழியில் வளையமாக உட்காரும்.

மாட்டும்போது இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் போல்ட்டின் தலையை அசையாமல் பிடிக்க, கீழே மற்றவர் நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட்டைத் திருகினால் அதைச் சுற்றியிருக்கிற பியூட்டைல் முறுக்கிக்கொண்டு கிழியும். ஒரேயடியாக இறுக்காமல் இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம், பிதுங்கி வருவது நிற்கும் வரை. கீழே வெறும் வாஷர் போதாது, அகலமான தகடு வையுங்கள். படகில் ஏறுகிறவர்கள் எல்லாம் ஸ்டான்ஷனைப் பிடித்துத்தானே தொங்குகிறார்கள்!

பழைய போல்ட்டுகளைத் துடைத்து மறுபடி போடுகிற சிக்கனமும் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பது காற்று படுகிற இடத்தில்தான், ஈரமான இருட்டு இடுக்கில் அது உள்ளுக்குள் அரிக்கும். மாஸ்ட்டை (பாய் கட்டுகிற தூண்) இழுத்துப் பிடிக்கிற கம்பிகள் மாட்டும் தகடான செயின்பிளேட்டில் இது நடந்தால் மாஸ்ட்டே சாயலாம். அதனால் டெக்கின் எந்த மூலையில் ஒழுகினாலும், கழற்றிப் பார்க்கிற வேலையைச் செயின்பிளேட்டில் ஆரம்பியுங்கள், டெக்கைத் தாண்டி உள்ளே போகிற அந்தப் பகுதியில் பழுப்புக் கறையோ மயிரிழை விரிசலோ இருந்தால் புதிது மாட்டாமல் பாய் ஏற்றாதீர்கள்.