பென் ஸ்டேட்டுக்குச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவது எப்படி?

நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துவிட்டு எடிசனிலேயே தங்கிவிட்டவன் நான். நியூ ஜெர்சித் தமிழர்களில் நிறைய பேருக்கு இதே கதைதான். காலேஜ் ஃபுட்பால் (கல்லூரிகள் ஆடும் அமெரிக்க ஃபுட்பால்) பைத்தியம் பிடித்தது மட்டும் என் தனிப்பட்ட வினை. பிஸ்கட்டவேயில் சொந்த மைதானத்தில் ஆட்டம் பார்க்க யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. எதிரணி ஊருக்குப் போய்ப் பார்ப்பது வேறு சமாச்சாரம். இரண்டு தடவை பென்சில்வேனியாவில் இருக்கும் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தேன். 2021இல் 28-0, 2023இல் 27-6, இரண்டும் தோல்வி. ரட்கர்ஸ் அவர்களைக் கடைசியாக வென்றது 1988இல். ஜெயிப்பதைப் பார்க்கத்தான் போவேன் என்பவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம்.

ஆட்ட விதிகளை நான் விளக்கப் போவதில்லை. டவுன் என்றால் என்ன, ஃபீல்ட் கோல் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கான பதிவு இது. ரட்கர்ஸ் - பென் ஸ்டேட் என்று எழுதியிருந்தாலும், வேறு எந்தக் கல்லூரிக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

படி 1: தேதியை நம்புங்கள், நேரத்தை நம்பாதீர்கள்

அட்டவணையில் சனிக்கிழமை தேதி முன்கூட்டியே வந்துவிடும். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பது வராது. அதை முடிவு செய்வது டிவிக்காரர்கள். பிக் டென்னில் (இரண்டு அணிகளும் ஆடுகிற லீக்) பெரும்பாலும் பகல் 12, பிற்பகல் 3:30, இரவு 7:30 என்று மூன்று வேளைகள். எது நமக்கு என்பது வழக்கமாக 12 நாளுக்கு முன்னால் தெரியும். சில வாரங்களில் 6 நாள்தான் இருக்கும்போது சொல்வார்கள். கிரிக்கெட் டிக்கெட்டில் நேரமும் சேர்ந்தே அச்சாகி வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விநோதமாக இருக்கும்.

பகல் ஆட்டமானால் வெள்ளி இரவே போய்ச் சேர வேண்டும். இரவு ஆட்டமானால் முடிய 11 மணி ஆகும், சனி இரவு தங்கியே தீர வேண்டும். அதனால் இரண்டு இரவுக்கும் அறை போட்டு வையுங்கள். ரத்து செய்தால் காசு திரும்புகிற வகையில் மட்டும் போடுங்கள். நேரம் தெரிந்ததும் ஒன்றை விட்டுவிடலாம்.

படி 2: அறை

பென் ஸ்டேட் இருக்கிற ஊரின் பெயரே ஸ்டேட் காலேஜ். அதன் மக்கள்தொகை சுமார் 40 ஆயிரம். நான் போன காலத்தில் பென் ஸ்டேட்டின் பீவர் ஸ்டேடியத்தில் 1,06,572 பேர் உட்காரலாம். ஆட்ட நாளில் ஊரைவிட மைதானம் பெரிது. ஊருக்குள் அறை தேடினால் மயக்கம் வரும் விலை, அதிலும் இரண்டு இரவு கட்டாயம் என்பார்கள். முதலில் பெல்ஃபாண்டில் தேடுங்கள், பக்கத்திலேயே இருக்கிறது. இல்லையென்றால் ஆல்டூனா. முக்கால் மணி நேர ஓட்டம்தான் என்றாலும் ஐ-99 நெடுஞ்சாலை நேர்கோடு மாதிரி போகிறது. லூயிஸ்டவுன் இன்னும் கிட்டத்தில்தான். ஆனால் ஆட்டம் முடிந்து இருட்டில் 322ஆம் சாலையில் மலை இறங்க எனக்குப் பிடிக்காது. உங்களுக்குப் பிடித்தால் போங்கள்.

நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) வாரத்தில் ஆட்டம் வைத்தால் இன்னொரு போட்டியும் உண்டு. அந்தச் சனிக்கிழமைதான் பென்சில்வேனியாவில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம் தொடங்குகிறது. ஆரஞ்சு மேலங்கி போட்டவர்களும் அதே அறைகளுக்குத்தான் வருவார்கள்.

படி 3: டிக்கெட்

வெளியூர் ரசிகர்களுக்கென்று கொஞ்சம் இருக்கைகளை ஒதுக்கி நம் கல்லூரியின் டிக்கெட் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்கு முன்னுரிமை. மிச்சம் இருந்தால் நமக்கு. அதில் கிடைத்தால் சுற்றிலும் நம் ஆட்கள், சேர்ந்து கத்தலாம். விருந்தாளி இருக்கைகள் எந்த ஊரிலும் உயரத்திலோ மூலையிலோதான் இருக்கும், அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

மறுவிற்பனைத் தளங்களில் வாங்கினால் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். விலை மலிவாகத் தெரிந்தால் அது மாணவர் பகுதியா என்று பாருங்கள். மாணவர் டிக்கெட்டுக்கு வாசலில் மாணவர் அட்டை கேட்பார்கள். அப்படியே உள்ளே போய்விட்டாலும், பென் ஸ்டேட்டின் 20 ஆயிரம் நீலச் சட்டைகளுக்கு நடுவில் மூன்றரை மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

டிக்கெட் எல்லாம் இப்போது போனில்தான். முந்தின இரவே, அறையில் வைஃபை இருக்கும்போதே, போனின் வாலெட்டில் சேர்த்துவிடுங்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் லட்சம் பேரும் ஒரே சமயத்தில் போனை எடுக்கும்போது சிக்னல் நான்கு கோடு காட்டும், ஒன்றும் திறக்காது.

படி 4: காரை நிறுத்துவது (இங்கேதான் நான் கவிழ்ந்தேன்)

பீவர் ஸ்டேடியம் வளாகத்தின் ஓரத்தில், புல்வெளிகளுக்கு நடுவே நிற்கிறது. கார் நிறுத்தும் இடங்களில் பெரும்பகுதி வெறும் புல்தரை. பாஸை முன்கூட்டியே வாங்க வேண்டும். எந்தச் சாலை வழியாக வர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். அதற்கு மாறாக மேப் எவ்வளவு கெஞ்சினாலும் கேட்காதீர்கள். போலீஸ்காரர் கை காட்டுகிற பக்கம் போவதுதான் வழி.

எடிசனிலிருந்து ஐ-80 பிடித்து, 161ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் சுமார் நான்கு மணி நேரம். டெலவேர் ஆற்றுப் பாலத்தில் பென்சில்வேனியா போகும்போது மட்டும் டோல்.

சரி, 2021 கதைக்கு வருகிறேன். நானும் ரட்கர்ஸ் காலத்து அறைத்தோழனும் காலையிலேயே போய்விட்டோம். மஞ்சள் கோட்டுக்காரப் பையன் கொடியை ஆட்டி ஆட்டி ஒரு வரிசையில் நிறுத்தச் சொன்னான். பக்கத்துக் காரில் ஒரு பெரியவர், வெள்ளை மீசை, நீலத் தொப்பி. பெரிய நீலக் கூடாரம் அடித்து, மேலே கம்பத்தில் பென் ஸ்டேட்டின் சிங்கக் கொடி கட்டியிருந்தார். "இதைவிட என்னடா அடையாளம் வேண்டும்? எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்" என்றான் தோழன். எனக்கும் சரியென்று பட்டது.

ஆட்டம் முடிந்ததும் நெரிசல் குறையட்டும் என்று கிரீமரிக்கு (பென் ஸ்டேட்டின் ஐஸ்கிரீம் கடை) போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். திரும்பி வரும்போது நவம்பர் இருட்டு கவிந்துவிட்டது. கூடாரம் இல்லை. கொடி இல்லை. பாதி கார்கள் இல்லை. காலையில் வரிசை வரிசையாக இருந்த இடம் இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கார்கள் நிற்கிற கரிய மைதானம். சாவியின் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தோம். தூரத்தில் யாருடைய காரோ 'பீப்' என்று பதில் சொன்னது. ஐம்பது நிமிடம் ஈரப்புல்லில் நடந்தோம், ஷூவுக்குள் தண்ணீர். கடைசியில் கார் கிடைத்தது நாங்கள் தேடிய இடத்துக்கு இரண்டு வரிசை தள்ளி.

பிறகு யோசித்தபோதுதான் விளங்கியது. 28-0 ஆகிற ஆட்டத்தை எந்த உள்ளூர்ப் பெரியவர் கடைசி வரை பார்ப்பார்? வெற்றி உறுதியானதும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். எங்கள் அணி கொஞ்சம் நன்றாக ஆடியிருந்தால் எங்கள் கார் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

ஆகவே, காரை விட்டு இறங்கியதும் இப்படிச் செய்யுங்கள்:

மேப்பில் அந்த இடத்தைக் குறித்துச் சேமியுங்கள். அந்தப் பகுதியின் மேப்பை முந்தின இரவே ஆஃப்லைனில் இறக்கி வைத்திருக்க வேண்டும், சிக்னலை நம்ப முடியாது என்று சொன்னேனே. அப்புறம் நகராத பொருள் இரண்டை ஒரே படத்தில் வரும்படி போட்டோ எடுங்கள்: லாட் (கார் நிறுத்துமிடம்) எண் எழுதிய கம்பம், விளக்குக் கம்பம், மைதானத்தின் மூலை. கூடாரம், கொடி, பக்கத்துக் கார், காற்றடைத்த பொம்மை எதுவும் அடையாளம் ஆகாது. உங்கள் வண்டியில் நீங்களே எதையாவது கட்டலாம். நான் 2023இல் ஆன்டெனாவில் அம்மா அனுப்பிய சிவப்புக் கரைத் துண்டைக் கட்டினேன். ஐந்து நிமிடத்தில் கண்ணில் பட்டது.

போன் டார்ச் போதாது. தலையில் மாட்டும் சின்ன விளக்கு ஒன்று காரில் கிடக்கட்டும். பவர் பேங்க் சட்டைப்பைக்குள் இருக்கட்டும், குளிரில் போன் பேட்டரி மளமளவென்று இறங்கும்.

படி 5: உடையும் பையும்

ரட்கர்ஸின் நிறமான சிவப்பில் சட்டை போடலாமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். கிண்டல் செய்வார்கள், அதற்கு மேல் எனக்கு எதுவும் நடந்ததில்லை. நாம் வாய் நீட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான எதிரி குளிர். இருக்கை என்பது அலுமினியப் பெஞ்சு. கீழே இருந்தும் குளிர் ஏறும், பாதத்தில் இருந்தும் ஏறும். கம்பளிச் சாக்ஸ், தண்ணீர் புகாத பூட்ஸ், கையில் வைக்கும் சூட்டுப் பொட்டலம் நான்கு. மைதானத்தில் விற்கிற தடித்த மெத்தையை விட, ஜிப்பும் பையும் இல்லாத மெல்லிய நுரை அட்டைதான் என் தேர்வு. உட்காரும்போது கீழே, நிற்கும்போது காலடியில். அது செய்கிற உபகாரத்தை நூறு டாலர் ஜாக்கெட் செய்யாது.

பை விஷயத்தில் மைதானத்துக்கு மைதானம் விதி மாறும், போகிற வாரம் ஒருமுறை பாருங்கள். நான் பை கொண்டு போவதே இல்லை. ஒரு கேலன் ஜிப்லாக் பை ஒன்றில் மருந்து, கண்ணாடி, சூட்டுப் பொட்டலம். முதுகுப்பை கொண்டு போனால் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கார் எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: டெய்ல்கேட்

காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, ஆட்டத்துக்கு முன்னால் சாப்பிடுகிற திருவிழா. சைவக்காரர்களுக்கு அங்கே சிப்ஸும் சோளமும்தான் கிடைக்கும், சொந்தச் சோறு கட்டிக்கொண்டு போங்கள். எலுமிச்சைச் சாதம் வேண்டாம், குளிரில் மணல் மாதிரி உதிரும். புளியோதரை தாங்கும். இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம்.

அந்தக் கூடாரப் பெரியவர்தான் முதலில் கூப்பிட்டார். "ஏய் ரட்கர்ஸ், இவ்வளவு தூரம் தோற்பதற்கா வந்தீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே சூடான சாக்லேட்டைக் கையில் திணித்தார். பதிலுக்கு இட்லி கொடுத்தோம். ஒரு கடி கடித்து, கண் கலங்கி, தண்ணீர் குடித்து, இரண்டாவதும் கேட்டார். முதன்முதலில் கல்லூரி ஃபுட்பால் ஆடியது நாங்கள்தான், 1869 நவம்பர் 6இல் நியூ பிரன்ஸ்விக்கில் பிரின்ஸ்டனை 6-4 என்று வென்றோம் என்று தோழன் பெருமை அடித்தான். "அதற்கு அப்புறம்?" என்றார் பெரியவர். இவனிடம் பதில் இல்லை.

படி 7: உள்ளே

ஒரு பக்கம் 'வீ ஆர்' என்று கத்தும், எதிர்ப்பக்கம் 'பென் ஸ்டேட்' என்று முடிக்கும். பெஞ்சு அதிர்வதை உட்கார்ந்த இடத்தில் உணரலாம். அந்த நேரத்தில் நாங்கள் நாற்பது பேர் ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியின் முதலெழுத்துகளை 'ஆர்... யூ...' என்று கத்தியது எங்களுக்கே கேட்கவில்லை. மற்றபடி ஆட்டம் ஆட்டம்தான். ஆட்டத்துக்கு நடுவில் தேநீருக்குப் போவதாக இருந்தால் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பே போய்விடுங்கள், இல்லையென்றால் மூன்றாவது குவார்ட்டரில்தான் திரும்புவீர்கள்.

படி 8: வெளியே

இரண்டு வழிதான். கடைசி குவார்ட்டர் பாதியிலேயே கிளம்புவது, அல்லது முடிந்தபின் இரண்டு மணி நேரம் நகராமல் இருப்பது. நடுவில் கிளம்பினால் காருக்குள் உட்கார்ந்து முன்னால் இருப்பவரின் சிவப்பு விளக்கைத்தான் பார்க்கலாம். நான் இரண்டாவது கட்சி. கிரீமரி நடக்கிற தூரம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், ஒரு கோனில் இரண்டு சுவை கலந்து தரமாட்டார்கள். அதிபராக இருந்த பில் கிளின்டனுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்கள் என்பது அந்த ஊர்ப் பெருமை. வரிசை நீளம்தான், ஆனால் கார் வரிசையை விடக் குறைவு.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டு வந்த கேள்விகளால் இவற்றைச் சேர்க்கிறேன்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். படிக்கட்டு செங்குத்து, பிடிக்கக் கைப்பிடி எல்லா இடத்திலும் இருக்காது. மேல் அடுக்கு டிக்கெட் வேண்டாம். முழங்கால் வலி இருந்தால் படி ஏறத் தேவையில்லாத இருக்கைகளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அம்மா சேலைக்கு உள்ளே தெர்மல் போட்டுக்கொள்ளட்டும்.

2025 தொடங்கி மைதானத்தின் மேற்குப் பக்கத்தை இடித்துக் கட்டுகிறார்கள். என் பழைய படங்களை வைத்து இருக்கை தேர்ந்தெடுக்காதீர்கள்.

மழை பெய்தால் புல்தரை என்னாகும் என்று ஒரு நண்பர் கேட்டார். சேறாகும். சில சமயம் அந்த இடங்களை மூடி வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். சனிக்கிழமை காலை கிளம்பும் முன் ஒருமுறை அறிவிப்பைப் பாருங்கள்.

இரவே எடிசன் திரும்புகிறவர்களுக்கு: நவம்பரில் ஐ-80இல் மான் குறுக்கே பாயும். ஒன்று கடந்துவிட்டால் பின்னால் இன்னொன்று வருகிறது என்று வைத்துக்கொண்டு பிரேக்கில் கால் வையுங்கள். தூக்கம் வந்தால் ஓரம் கட்டுங்கள்.

இட்லிப் பொடி அளவு கேட்டவருக்கு: பத்து இட்லிக்கு மூன்று மேசைக்கரண்டி. எண்ணெய் கசியும், டப்பாவை ஜிப்லாக் பையில் போடுங்கள். மருந்து வைக்கிற அந்தப் பையில் அல்ல, வேறொன்றில்.