தையல் முனை பிரியாமல் இருக்க

தையல் நடுவில் பிரிவது அபூர்வம். பிரிந்தால் முனையில்தான் ஆரம்பிக்கும். மெஷின் தையலில் மேல்நூலும் கீழிருந்து வரும் பாபின் நூலும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். முடிச்சு எங்கேயும் கிடையாது.

இது எனக்குப் புரிந்தது பக்கத்து வீட்டு அக்காவின் ரவிக்கையால். தைக்கப் பழகிய புதிது. நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அசிங்கம் என்று முனைகளை ஒட்ட நறுக்கிக் கொடுத்துவிட்டேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு அவர் கையை நீட்ட, அக்குளில் நாலு விரல் அகலத்துக்குப் பிரிந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே பரிமாறினாராம். அடுத்த ரவிக்கைக்கு நான் கூலி வாங்கவில்லை.

சரி, முறைக்கு வருவோம். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூலையும் நாலு அங்குலம் விட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டுக்கு அடியில் பின்பக்கமாகத் தள்ளி, விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். துணியின் ஓரத்திலேயே ஊசியை இறக்காதீர்கள். மெல்லிய துணியாக இருந்தால் ஊசி ஓட்டைக்குள் இழுத்துக்கொள்ளும். கால் அங்குலம் உள்ளே தள்ளி இறக்கி, ரிவர்ஸில் ஓரம்வரை வந்து, அப்புறம் முன்னால் போங்கள். முடிக்கும்போதும் அப்படியே, மூன்று நாலு தையல் பின்னால். அதே கோட்டின் மேல் விழ வேண்டும். பயத்தில் பத்துத் தடவை முன்னும் பின்னும் ஓட்டினால் அந்த இடம் கட்டி தட்டிப்போகும், ஊசியும் உடையும்.

என் மெஷின் மாமியார் காலத்துக் கறுப்பு மெஷின், ரிவர்ஸ் கிடையாது. கடைசியில் ஊசியை மேலே தூக்கி, ஃபுட்டையும் தூக்கி, துணியை அரை அங்குலம் என் பக்கம் இழுத்து, அதே தையல் மேல் மறுபடி ஓட்டுவேன். சின்னத் துணி என்றால் ஊசி குத்தியபடியே இருக்க, ஃபுட்டை மட்டும் தூக்கித் துணியைத் திருப்பிப் போட்டும் தைக்கலாம். ஜன்னல் திரையை அப்படித் திருப்ப முயன்றால் தோள்பட்டை விட்டுப்போகும்.

பட்டு, ஜார்ஜெட்டில் ரிவர்ஸ் போட்டால் சுருங்கிக்கொள்ளும். அங்கே கடைசி அரை அங்குலத்துக்குத் தையலைப் பொடியாக்கிவிடுங்கள், அதுவே பிடித்துக்கொள்ளும். ஆனால் அளவு சரியா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பொடித் தையலைப் பட்டில் பிரித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

ரவிக்கைக்கு வடிவம் வர மடித்துத் தைக்கும் டாட்டின் முனையில் ரிவர்ஸ் வேண்டவே வேண்டாம். மாட்டிப் பார்த்தால் பரு மாதிரி துருத்தும். கடைசி மூன்று தையலை மடிப்பின் விளிம்பை ஒட்டியே ஓட்டித் துணியை விட்டு வெளியே போய்விடுங்கள். நாலு அங்குலம் நூல் விட்டு வெட்டி, இரண்டையும் சேர்த்து ஒரு தளர்ந்த சுருக்கு போடுங்கள். சுருக்குக்குள் குண்டூசியை விட்டுத் துணியை ஒட்டும்வரை நகர்த்தி, அங்கே பிடித்துக்கொண்டு நூலை இழுத்தால் முடிச்சு சரியாக முனையில் உட்காரும். இன்னொன்றும் போட்டு, அரை அங்குலம் விட்டு நறுக்குங்கள்.

உள்பாவாடையில் நாடா வாயின் பிளவு, சுடிதார் டாப்பின் சைடு ஓப்பன், பாக்கெட் மூலை: இந்த மூன்றில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு தடவை போய் வந்து, பாக்கெட் மூலைக்குச் சின்ன முக்கோணமும் போடுவேன்.

ரவிக்கையின் பக்கத் தையல் நேர் எதிர். உடம்பை ஒட்டி வரும் முதல் வரிசைக்கு லேசாக ஒரே ஒரு லாக், அதாவது ஒரே ஒரு தடவை பின்னால் போய் வருவது. வெளியே உள்ள வரிசைகளுக்குத்தான் கெட்டியாக. தீபாவளி கழிந்ததும் "அக்கா, கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடுங்க" என்று வருவார்கள். பிரிக்கப்போவது நான்தானே!

இவ்வளவு செய்தும் முனை உருவிக்கொண்டு வந்தால் துணியைத் திருப்பிப் பாருங்கள். பாபின் நூல் கம்பி மாதிரி நேராகக் கிடந்து, மேல்நூல் அதன்மேல் வளையம் வளையமாக நின்றால், மேல் டென்ஷன், அதாவது மேல்நூலின் இறுக்கம், தளர்ந்திருக்கிறது. அதன் திருகை அரைச் சுற்று இறுக்கி, வெட்டுத்துணியில் ஓட்டிப் பார்த்துவிட்டு நல்ல துணியை எடுங்கள்.