வாணவேடிக்கை அனுமதி: மூன்று முறை திரும்பி வந்த விண்ணப்பம்

விழா ஒன்றுக்கு வாணவேடிக்கை நடத்த உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். மூன்று முறை திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே வரிதான்: "இட வரைபடம் நிறைவாக இல்லை."

முதலில் காப்பீட்டுச் சான்றில் குறை என்று எண்ணித் தொகையைக் கூட்டினேன். பிறகு தீயணைப்புத் துறையின் கடிதத்தைப் புதிதாக வாங்கி இணைத்தேன். அடுத்து வரைபடத்தையே வண்ணத்தில் வரைந்தேன். அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில், வாணவெடிகளை வெடிக்கவிருந்தவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் பார்த்ததும் கேட்டார்: "பின்பக்கம் எங்கே?" பார்வையாளர்கள் நிற்கும் கயிறுவரை மட்டுமே நான் தூரம் குறித்திருந்தேன். ஆனால் வான்வெடியின் எச்சம் எந்தத் திசையிலும் விழலாம். ஏவும் குழாயை மையமாக வைத்து முழு வட்டம் போட வேண்டும். பரவலாகப் பயன்படும் கணக்கு, வெடியின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் வட்டத்தின் ஆரம் 70 அடி. எங்களுடையது 4 அங்குலம், அதாவது 280 அடி. வட்டம் போட்டதும் பக்கத்து மனையின் கொட்டகை உள்ளே விழுந்தது. பின்பக்கம் என்பதால் அதை நான் வரையவே இல்லை.

கொட்டகையை நகர்த்த முடியாது. வெடியை 3 அங்குலமாகக் குறைத்தோம். வட்டத்தின் ஆரம் 210 அடியாகச் சுருங்கி, கொட்டகை வெளியே நின்றது. வெடிகளின் பட்டியலிலும் அதே அளவைத் திருத்தினேன், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மீண்டும் திருப்பியிருப்பார்கள். இரண்டு நாளில் அனுமதி கையில் வந்தது. அப்பாடா!