டூருக்கு ஒருவர் வரவில்லை என்றால் அவர் பணம் என்ன ஆகும்?

மூணாறு கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது நண்பனிடமிருந்து போன். “மச்சான், அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க.” அந்த நேரத்தில் யாருக்குக் காசு ஞாபகம் வரும்? “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்டா, நீ அப்பாவைப் பாரு” என்றேன். அப்படித்தான் சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த ‘அப்புறம்’ வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அவனுக்கு எங்கள் மேல் வருத்தம், எங்களில் இரண்டு பேருக்கு அவன் மேல் வருத்தம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பேசாமல் விட்டோம், அவ்வளவுதான்.

பெரும்பாலான குழுக்களில் நடக்கும் முதல் தவறு, கணக்கை ‘எல்லாம்’ அல்லது ‘ஒன்றுமில்லை’ என்று பார்ப்பது. வராதவர், “நான்தான் வரவில்லையே, கொடுத்ததை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள்” என்கிறார். போனவர்கள், “கடைசி நேரத்தில் கழன்றுகொண்டால் பைசா கிடையாது” என்கிறார்கள். இரண்டுமே நியாயமில்லை. ஏன் என்பது எங்கள் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

நாங்கள் எட்டுப் பேர். மதுரையிலிருந்து டெம்போ டிராவலர், டீசல், டிரைவர் பேட்டா, பெர்மிட் எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். காட்டேஜில் நான்கு அறை, இரண்டு இரவு, அறைக்கு நாளொன்றுக்கு 2,000 வீதம் 16,000. சாப்பாடு, படகு, நுழைவுச் சீட்டு இவற்றுக்கு ஆளுக்கு 2,000. ஆக, ஆளுக்கு 7,000 வசூல். ரயில் டிக்கெட் தனி.

இப்போது ஒருவர் வரவில்லை. வண்டிக்காரர் ஏழு பேர் என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டார். எட்டுப் பேரை நம்பித்தான் அந்த வண்டியே பேசினோம். காட்டேஜும் அப்படித்தான். இந்த இரண்டையும் வராதவருக்குத் திருப்பிக் கொடுத்தால், மீதி ஏழு பேர் தலையில் ஆளுக்கு 714 ரூபாய் கூடுதலாக விழும். ஆனால் சாப்பாட்டுக் காசு வேறு கதை. அவர் சாப்பிடவே இல்லை. அந்த 2,000 ரூபாயை வைத்துக்கொண்டால், அவர் செலவில் மற்றவர்கள் சாப்பிட்டதாக ஆகிவிடும்.

அதனால் நான் இப்போது பிடித்துக்கொண்டிருப்பது ஒரே அளவுகோல்: அவர் வராததால் எது மிச்சமானதோ, அது அவருக்கு, அவர் கொடுத்த பங்கு வரைக்கும். எது மிச்சமாகவில்லையோ, அது அவர் பொறுப்பு. எங்கள் நண்பனுக்குச் சாப்பாட்டுக் காசு 2,000 உடனே போயிருக்க வேண்டும். வண்டிக்கான 3,000 போகாது. காட்டேஜ் காசு?

இங்கேதான் இரண்டாவது தவறு. ‘அட்வான்ஸ் போனது போனதுதான்’ என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம், காட்டேஜ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு அறையை விட்டுக்கொடுத்துவிட்டு, இன்னொரு அறையில் ஒரு எக்ஸ்ட்ரா பெட் போடச் சொல்லியிருக்கலாம். சரி என்றிருந்தால் அறை வாடகையில் 4,000 குறைந்திருக்கும். எக்ஸ்ட்ரா பெட்டுக்கு இரவுக்கு 500 என்றாலும் 3,000 மிச்சம். அதில் 2,000 நண்பனுக்கு, மீதி 1,000 ஒரே அறையில் நெருக்கிப் படுக்கும் அந்த மூன்று பேருக்கு. பணம் தரமாட்டேன் என்பவர்கூட, வேறொரு தேதிக்கு மாற்றித் தருகிறேன் என்று சொல்வதுண்டு. இரண்டு பேர் வரவில்லை என்றால் வண்டியையும் கேட்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரு இன்னோவா போதும்.

ரயில் டிக்கெட்டில் தாமதம்தான் பெரிய எதிரி. சென்னையிலிருந்து மதுரைக்குப் பாண்டியனில் போட்டிருந்தோம். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது என்பதால் ஆறும் இரண்டுமாக இரண்டு டிக்கெட். ஒரே டிக்கெட்டில் பல பேர் இருந்தாலும் ஒருவரை மட்டும் கேன்சல் செய்யலாம். மற்றவர்களின் இடத்துக்கு ஒன்றும் ஆகாது. இது தெரியாமல் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ரயில் கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும். ‘ஒருவேளை கடைசி நிமிடத்தில் வந்துவிடுவானோ’ என்று காத்திருந்தால் நஷ்டம் அவனுக்குத்தான். கன்ஃபர்ம் ஆன தட்கால் டிக்கெட் என்றால், நாமாகக் கேன்சல் செய்தால் பணமே திரும்பாது.

‘அவனுக்குப் பதில் இவன் வருகிறான்’ என்று அதே டிக்கெட்டில் வேறொரு நண்பரை ஏற்றிவிடவும் கூடாது. கன்ஃபர்ம் டிக்கெட்டில் பெயர் மாற்றுவது அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற நெருங்கிய குடும்பத்துக்குள்தான். அதற்கும் ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். புதிதாக வரும் நண்பர் தனி டிக்கெட் எடுக்கட்டும். வண்டிக்கும் அறைக்கும் அவர் கொடுக்கும் பங்கு நேராக வராதவருக்குப் போக வேண்டும். அதைப் பொதுப் பணத்தில் போட்டுவிட்டால் ஒரே இடத்துக்கு இரண்டு முறை வசூலித்ததாக ஆகும்.

அடுத்தது நான் செய்த தவறு. டிக்கெட் ரீஃபண்ட், பணம் கட்டியவர் கணக்குக்குத்தான் திரும்பி வரும். கட்டியது நான். பணம் வந்திருந்தது, எஸ்எம்எஸ் குவியலில் அதைப் பார்க்கவே இல்லை. நண்பனோ கேட்கக் கூச்சப்பட்டு, ‘இவன் வைத்துக்கொண்டான்’ என்று ஐந்து மாதம் மனதுக்குள் வைத்திருந்தான். இப்போதெல்லாம் கேன்சல் செய்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிடுகிறேன். பணம் வந்த நாளில் அதையும்.

காரணத்தையும் கணக்கையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பவருக்கும், சும்மா மனம் மாறியவருக்கும் கணக்கு ஒன்றுதான். ஆனால் முன்னவருக்கு வண்டிக் காசையும் கொடுக்கலாம் என்று தோன்றினால், ஏழு பேரும் சம்மதித்து, தனியாக மனமுவந்து கொடுக்கட்டும். அது கணக்கு இல்லை, அன்பு. ஒருவர் இரக்கப்பட்டு ‘கொடுத்துடலாம்டா’ என்று குரூப்பில் போட்டுவிட்டால், முடியாதவர் வாயைத் திறக்க முடியாமல் போகும்.

இதையெல்லாம் பேச நல்ல நேரம், முதல் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்பு. அப்போது யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, யார்மேலும் கோபம் இல்லை. போன மாதம் வால்பாறைக்குத் திட்டம் போட்டபோது குரூப்பில் நான் போட்டது இதுதான்: “15ஆம் தேதிக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்பும். அதற்கப்புறம் வண்டி, அறைக் காசு திரும்பாது, சாப்பாட்டுக் காசு திரும்பும். பதில் ஆள் கிடைத்தால் அவர் பங்கு உங்களுக்கு. எல்லாரும் ஓகே போடுங்க, அப்புறம் அட்வான்ஸ் அனுப்பலாம்.” முதல் ஓகே அந்த நண்பனிடமிருந்துதான் வந்தது.