அம்மாயிக்கு வாட்ஸ்அப்: வீடியோ காலில் தொடங்க வேண்டாம்

தீபாவளிக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் பழைய ஸ்மார்ட்போன் ஒன்றை அம்மாயி கையில் கொடுத்து, வீடியோ கால் எடுப்பதை அவசரமாகக் காட்டிவிட்டுக் கொழும்பு பஸ் ஏறிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அந்த போன் அலுமாரிக்குள் போய்விடும். குரல் செய்தியில் தொடங்கிப் பாருங்கள். எழுத வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, டேட்டாவும் கொஞ்சம்தான் போகும். மலைக்குப் பின்னால் சிக்னல் விட்டுப்போனாலும், திரும்பி வந்ததும் செய்தி தானாகப் போய்ச் சேரும்.

முதலில் போனைத் தயார் செய்யுங்கள். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் எழுத்தைப் பெரிதாக்குங்கள். கைரேகைப் பூட்டு வேண்டாம். காலமெல்லாம் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலை அது பல நேரம் ஏற்காது. நான்கு இலக்க எண் போதும். வாட்ஸ்அப்பில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வைத் திறந்து, படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் போட்ட ரீலோட் எல்லாம் குட்மோர்னிங் படங்களுக்கே போய்விடும்.

அடுத்து, அடிக்கடி பேசும் இரண்டு மூன்று பேரின் சாட்டை அழுத்திப் பிடித்து, மெனுவில் ஷார்ட்கட் என்று இருப்பதைத் தட்டுங்கள். அவர்களுடைய ப்ரொபைல் படம் முகப்புத் திரைக்கு வந்துவிடும். அவர்களிடம் முகம் தெரிகிற படமாக வைக்கச் சொல்லுங்கள். எல்லாரும் முருகன் படம் வைத்திருந்தால் பேரன் யார், மருமகன் யார் என்று அம்மாயி எப்படிக் கண்டுபிடிப்பார்?

இனிப் பழக்கம். மைக் படத்தை ஒருமுறை தட்டிவிட்டு எடுத்தால் பதிவாகாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். அழுத்திப் பிடித்தபடி விரலை மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் கையை எடுத்துவிட்டு ஆறுதலாகப் பேசலாம். முடிந்ததும் அம்புக்குறியைத் தட்ட வேண்டும். பக்கத்து அறையிலிருந்து நீங்களே பதில் அனுப்புங்கள். ஒரு சரி போனால் அனுப்பியாயிற்று, இரண்டு சரி வந்தால் அந்தப் பக்கம் சேர்ந்தாயிற்று என்று அப்போதே காட்டலாம். எவ்வளவு தடுமாறினாலும் போனை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். "இங்க குடுங்க, நான் போடுறேன்" என்றால் பாடம் அன்றோடு சரி.

இது கைக்கு வந்தபின் வீடியோ கால் தானாக வரும். தமிழ் வாசிப்பவர் என்றால் வாட்ஸ்அப் மொழியையும் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள்.

'பரிசு விழுந்திருக்கு, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க' என்று யார் கேட்டாலும், சொந்தக்காரர் பெயரில் கேட்டாலும், சொல்லாமல் வைத்துவிட வேண்டும். ப்ரைவசியில் தெரியாத எண்களின் அழைப்பை மௌனமாக்கினால் வாட்ஸ்அப் தொல்லை பாதி குறையும்.

கடைசியாக, சுவசெரிய இலவச அம்புலன்ஸின் 1990 எண்ணையும் சேமித்து முகப்புத் திரையில் வையுங்கள். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வீதிப் பெயர் இருக்காது. அதனால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த ரோட்டில் திரும்பி வர வேண்டும் என்ற மூன்றையும் அதே வரிசையில் அம்மாயியைச் சொல்ல வைத்துப் பழக்குங்கள்.